உன் பெயரைக் கூப்பிட்டபோது

ராஜபாளையம்,
ஜனவரி 28.

அன்பு மகன் ரோஷனுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம். அந்த அயர்லாந்து மழையில் சளி பிடிக்காமல் நீயும் சுகமாயிருக்க இங்கே தினமும் ஜெபம் நடக்கிறது. இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பாய். அனுப்பினால் நீ கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். தாளில் எழுதினால் உனக்கு அந்த வசதி இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார், அவளும் கீழ்ப்படிந்து சர்ச் வரை நடக்கிறாள், அங்கே நடந்ததைவிட அதிக நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு ஆட்டோவில் திரும்புகிறாள். நம் தெருவுக்குச் சிமெண்டு ரோடு போட்டு முடித்தார்கள், மறுவாரமே குழாய் பதிக்கத் தோண்டினார்கள், இரண்டு வேலையையும் குறித்த காலத்தில் முடித்ததாகக் கேள்வி. நூலகத்தில் நான் இருந்த நாற்காலியில் இப்போது ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, அதனிடம் யாரும் சத்தம் போட்டுப் பேசுவதில்லை, அந்த வகையில் எனக்குக் கிடைக்காத மரியாதை.

நீ பணம் கட்டி வைத்திருந்த காலேஜ் டி-சர்ட்டை வாங்கி வரச் சொன்னாயே, அதற்காகப் பொங்கல் கழிந்த சனிக்கிழமை கிருஷ்ணன்கோவிலில் உன் காலேஜுக்குப் போனேன். படிப்பு முடிந்து இத்தனை வருடம் ஆன பின்னும் படித்த இடத்தோடு தொடர்பில் இருக்க வேண்டும் என்று நீ நினைப்பது நல்ல விஷயம், அந்தத் தொடர்பு எக்ஸ்எல் சைஸில் இருக்கிறது என்பதும் இப்போது எனக்குத் தெரியும். பழைய மாணவர் கூட்டம் பெரிய ஷாமியானா போட்டு நடந்தது. உன் செட்டுப் பையன்களில் பாதிப் பேருக்குத் தொப்பை, மீதிப் பேருக்கு வழுக்கை, சிலருக்குக் கல்வி இரண்டையும் கொடுத்திருந்தது. உங்களுக்குப் பாடம் எடுத்த வெங்கடேஸ்வரி மேடம் ரிட்டயர் ஆகிவிட்டாலும் இந்த ஒரு நாளைக்குத் தவறாமல் வந்துவிடுகிறாராம். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். மூன்றாம் வருடம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாரே, நினைவிருக்கிறதா? உன் வருகை குறைவு என்று பயந்துகொண்டே போனால், சார், உங்க பையன் ஒரு நாள் கூட ஆப்சென்ட் இல்ல, ஆனா நான் அவன இன்னும் பார்க்கல என்றார். நீ கேன்டீனில் பரோட்டா தின்றுகொண்டிருந்த நேரத்திலெல்லாம் வகுப்பில் பாண்டிச்செல்வம் உன் குரலில் பிரசன்ட் மேடம் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குப் பதிலாகத் தினமும் காலையில் காலேஜ் பஸ்ஸில் நீ அவனுக்கு உன் பையை வைத்துச் சீட்டுப் போடுவாய். வன்னியம்பட்டி விலக்கில் அவன் ஏறும்போது பஸ்ஸில் நிற்கவே இடமிருக்காது, உன் பக்கத்தில் மட்டும் ஒரு ராஜா இறங்கி வரப்போகிறார் என்பது போல ஓர் இடம் காலியாக இருக்கும். அவனை வழியனுப்ப வரும் அவன் அப்பா கண்ணுச்சாமி ஐயா ஜன்னல் வழியாக உனக்கென்று தனியாக அவித்த கடலை கொடுப்பார். நீ தின்றது போக ஈரத்தாளில் மிச்சம் கொண்டுவருவாய், உன் அம்மா கணிதப் புத்தகத்தில் எப்படி உப்புக்கறை வந்தது என்று கேட்பாள்.

அன்று கூட்டத்திலும் மேடம் வழக்கம் போல உங்கள் வகுப்பின் பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டார். உனக்குத் தெரியும், வந்தவன் பிரசன்ட் சொல்ல வேண்டும், வராதவனுக்கு அவன் சிநேகிதன் பிராக்ஸி கொடுக்க வேண்டும், யாருமே கொடுக்காவிட்டால் கூட்டம் மொத்தமும் ஆப்சென்ட்டு என்று கத்தும். போன வருடங்களில் பாண்டிச்செல்வம் உன் குரலில் கொடுத்த பிராக்ஸியை வீடியோவில் பார்த்து நீ கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் போட்டிருந்தாய். நான் பின்னால் டி-சர்ட் மேசையருகே கையில் கவரோடு நின்றிருந்தேன். ரோஷன் ஞானரத்தினம் என்று கூப்பிட்டார். எல்லாரும் பாண்டிச்செல்வத்தைப் பார்த்தார்கள். அவன் தன் செருப்பைப் பார்த்தான். மேடம் இரண்டாம் தடவை கூப்பிட்டார். பக்கத்தில் இருந்தவன், ஏலே சொல்லுலே என்று இடித்தான், அவன் அசையவில்லை. முன்வரிசையில் ஒருத்தன் ஆப்சென்ட்டு என்று கத்த வாயைத் திறந்துவிட்டான். அதற்குள் நான் பிரசன்ட் மேடம் என்றேன். இந்த வயதில் அவ்வளவு சத்தம் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, நூலகத்தில் சேர்த்து வைத்ததாக இருக்கலாம். மேடம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, இந்த பிராக்ஸிக்குத் தலையெல்லாம் நரைச்சுப் போச்சே என்றார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. பாண்டிச்செல்வம் சிரிக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அவனே வந்து, வாங்கப்பா, வில்லிபுத்தூர்ல மோட்டார் கடைக்குப் போறேன், பஸ் ஸ்டாண்டுல விட்டுருதேன் என்று பைக்கில் ஏற்றிக்கொண்டான். உன்னைப் போலவே என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறான், ஆனால் அன்று அந்தச் சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் நின்றான். பஸ் ஸ்டாண்டில் டீக்கடையில் டீயை ஆற்றிக்கொண்டே அவனாகச் சொன்னான். எனக்குக் கோவமில்லப்பா. எங்கய்யா செத்தன்னைக்கு வாட்ஸ்அப் குரூப்புல அவன் கையெடுத்து ஒரு கும்பிடு போட்டிருந்தான். அதுக்கு முந்துன நாளு நம்ம காலேஜுக்குப் புது பஸ் வாங்குனதுக்கும் அதே கும்பிடுதான். நான் ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தேன், ஒரு வித்தியாசமும் இல்ல. ஒரு போன் பண்ணிருந்தா என்ன பேசிருக்கப் போறோம், நான் அழுதிருப்பேன், அவன் ஏலே ஏலேன்னு சொல்லிருப்பான், அம்புட்டுத்தான. எங்கய்யா கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாக, சீட்டுப் போடுத பய எங்கலே, ஊருக்கு வந்தா கூட்டியான்னு. இப்படிச் சொல்லிவிட்டு, டீ சூடு என்று சாக்கு வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கண்ணுச்சாமி ஐயாவின் துக்கத்துக்கு நான் போய் வந்த அன்றே உனக்குப் போன் செய்தேன், குரூப்பில் போட்டுவிட்டேன் அப்பா என்று நீ சொன்னாய், நானும் சரி என்று வைத்துவிட்டேன். உன் வேலையின் நெருக்கடி எனக்குத் தெரியும். காலேஜ் உன்னை மறக்காது, அதற்கு உன் மெயில் ஐடி தெரியும், வருடா வருடம் உன் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்ப ஒரு மெஷின் வைத்திருக்கிறது. உன் இடத்தைக் காலியாக வைத்துக் காத்திருக்கும் மெஷினை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே பாண்டிச்செல்வத்துக்கு நீ போன் செய். அவன் நம்பர் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை நம் சாயங்காலத்தில் கூப்பிடு, மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வரப்பில் சும்மாதான் உட்கார்ந்திருப்பானாம். நீளமாக மன்னிப்பெல்லாம் கேட்காதே, அதில் நீ கெட்டிக்காரன் இல்லை. அவன் அய்யாவைப் பற்றிக் கேள், அவர் கடைசி நாட்களில் என்ன சாப்பிட்டார், என்ன சொன்னார் என்று கேள். அவன் அழுதால் போனை வைத்துவிடாமல் இரு.

ராஜபாளையம் பஸ் வந்தபோது ஊரே அதில் ஏற நின்றது. நான் அடுத்த பஸ்ஸில் போகிறேன் என்று சொல்வதற்குள் பாண்டிச்செல்வம் ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் தன் கர்ச்சீப்பை ஒரு சீட்டில் போட்டுவிட்டு, அப்பா, கூட்டம் இறங்கட்டும், மெதுவா ஏறுங்க, உங்களுக்கு இடம் இருக்கு என்றான். நான் உட்கார்ந்த பின்னும் ஜன்னலருகே நின்றான். பஸ் நகரும்போது, அங்க எந்நேரமும் மழையாம்ல, அவன் குடை வச்சிருக்கானா என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கர்ச்சீப் என் கையிலேயே இருப்பதைப் பார்த்தேன். அம்மா துவைத்து, இஸ்திரி போட்டு, உன் டி-சர்ட்டின் மேல் வைத்திருக்கிறாள். டி-சர்ட்டைப் பார்சலில் அனுப்பிவிடுவேன். கர்ச்சீப்பை அனுப்பமாட்டேன், நானே வன்னியம்பட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவும் மாட்டேன். ஜூலையில் லீவு கிடைக்கும் என்றாயே, அதுவரை அது அலமாரியில் இருக்கும். மழையில் நனையாதே, வேளைக்குச் சாப்பிடு, படுக்குமுன் ஜெபம் பண்ணு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அம்மாவின் முத்தங்கள். அந்தக் குடை விஷயத்துக்கு மட்டும் நீயே அவனுக்குப் பதில் சொல்லிவிடு.

உனக்காக ஒரே ஒரு முறை பிரசன்ட் சொன்ன,
அப்பா ஞானரத்தினம்