அப்பா சொன்ன சாட்சி

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் மருமகனும் குழந்தையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் முழங்காலில் நிற்கிறேன். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது, அப்பாவுக்குத் தோளில் பிடிக்கிறது, ஆனாலும் கழற்ற மாட்டேன் என்கிறார். டியூட்டி முடித்து வந்து ஈரத் தலையோடு படுக்காதே என்று எத்தனை முறை சொல்வது, நர்ஸுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டாய், அவர் பக்கத்தில் இருந்ததால் மழுப்பிவிட்டேன். இருமல் நின்றது உண்மைதான். எப்படி நின்றது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், போனில் பேச முடியாது, நம் வீட்டுச் சுவர் தகரம்.

பாட்டில் கழுவுகிறவளை உனக்கு நினைவிருக்கும், செருப்பு தைக்கிறவரின் மனைவி, குப்பைமேட்டு ஓரத்துக் கொட்டகையில் காலி பாட்டில்களைக் கழுவி அடுக்குகிறவள், அப்பாவின் சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாருக்கும் முந்திக் கை தட்டுகிறவள். அவளுக்குக் காசநோய். ஆஸ்பத்திரி மாத்திரையை வாரா வாரம் நான்தான் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்ச நாளில் உடம்பு தேறியது, அப்பா அவள் தலையில் கை வைத்து ஜெபித்த சமயம் அது. உடனே ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, ஐயா ஜெபத்தில் எனக்குப் பூரண சுகம் என்று சொல்லிவிட்டாள். அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர். மாத்திரையை விடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அன்றோடு அவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். என்னிடம் வாங்கி வாங்கி பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. மறுபடி படுக்கையில் விழுந்த பிறகுதான் வெளியே வந்தது. ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். சுகமாயிட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு மாத்திரை முழுங்கினா ஐயா பொய்யராயிடுவாரேம்மா என்றாள், மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள். அடக்கத்தில் அப்பா உருக்கமாகப் பேசினார், எல்லாரும் அழுதார்கள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பாவைக் குறை சொல்லவே எழுதுகிறேன் என்று நினைக்காதே. வேறு எந்தப் போதகரும் கால் வைக்காத இடத்தில் இத்தனை வருஷம் குடியிருந்தவர். சாக்கடை அடைத்தால் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு முதலில் இறங்குகிறவர் அவர்தான், கேட்பாரற்ற பிணத்தையும் மூக்கைப் பொத்தாமல் தூக்குவார். அந்தப் பெருமையில்தான் நானும் இந்தத் தகரத்துக்குள் வாழ்ந்தேன். அப்புறம் ஒரு நாள் அவர் இருமலில் ரத்தத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றேன். அந்த வரிசையில என்னைப் பார்த்தா ஜனங்க விசுவாசம் என்ன ஆகும் என்றார். கெஞ்சினேன், சண்டை போட்டேன், மசியவில்லை. செத்தவளுடைய பிஸ்கட் டப்பாவை அவள் வீட்டுக்காரர் என்னிடம் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதிலிருந்து எடுத்துப் பொடித்து விடிகாலைக் காபியில் கலந்தேன். நீ திட்டுவாய், திட்டிக்கொள். அந்த மாத்திரைக்கு மூத்திரம் சிவப்பாகப் போகும் என்று எனக்குத் தெரியும், கேட்டால் பீட்ரூட் என்று சொல்லலாமென்று பீட்ரூட்டாக வாங்கி வாங்கிச் சமைத்தேன். அவர் கேட்கவே இல்லை. எப்போதும் மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷன், கீழே கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

இருமல் நின்றது, முகம் தெளிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை நடுவில் நிறுத்திவிட்டு, எனக்கும் அதே நோய் வந்தது, ஒரு மாத்திரையும் தொடவில்லை, ஆண்டவர் குணமாக்கினார் என்று அப்பா சாட்சி சொன்னார். கூரை அதிர்ந்தது. செருப்பு தைக்கிறவர் எழுந்தார். மனைவியிடமிருந்து அவருக்கும் தொற்றி, ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு வந்தவர் அவர். சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பிரசங்க மேசையில் வைத்தார். எம் பொண்டாட்டிக்கு விசுவாசம் பத்தல ஐயா, அதான் போயிட்டா, எனக்கு அப்படி ஆகாது என்றார். அப்பா அவரைக் கட்டிக்கொண்டு ஜெபித்தார். அவள் எதனால் செத்தாள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்து அட்டையை வைத்தார்கள். எல்லாரும் போன பிறகு மேசையிலிருந்து அதையெல்லாம் அள்ளினது நான்தான். மறுநாள் செருப்புக் கடைக்கே போய்க் காபி விஷயத்தைச் சொல்லி, அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஆணி அடித்துக்கொண்டே சிரித்தார். ஐயா பொய் சொல்ல மாட்டாரும்மா, அவரே வந்து சாப்பிடுன்னு சொல்லட்டும், சாப்பிடறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். இடிந்துபோவார் என்று நினைத்தேன். தெரியும் என்றார். காபி கசந்துச்சு, மூத்திரம் சிவந்துச்சு, நான் என்ன குழந்தையா என்றார். தெரிந்தேதான் குடித்திருக்கிறார் மகளே, ஒரு நாளும் கோப்பையில் மிச்சம் வைத்ததில்லை. தெரிந்தேதான் சாட்சியும் சொல்லியிருக்கிறார். ஏன் என்றேன். அந்த ஜனங்களுக்கு இருக்கறது இந்த நம்பிக்கை ஒண்ணுதான், அதையும் பிடுங்கச் சொல்றியா என்றார். மாத்திரையை உன் கையில குடுத்ததும் ஆண்டவர்தானே என்றும் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர்மேல் எனக்கு வராத அருவருப்பு அப்போது வந்தது, உன்னிடம் மறைக்க மாட்டேன். நானே சபையில் எழுந்து சொல்லலாம்தான். பாஸ்டரம்மாவுக்குப் பிசாசு பிடித்துவிட்டது என்று என்னைச் சுற்றி நின்று ஜெபித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள், எனக்குத் தெரியாதா அவர்களை. அவர் வாயால் சொன்னால்தான் அந்த மனிதரும் அட்டையை வைத்த மற்றவர்களும் பிழைப்பார்கள்.

அதனால் அடுத்த நாள் காபியில் நான் எதையும் கலக்கவில்லை. முதல் மடக்கிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, கோப்பையைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன். குடித்துவிட்டு எழுந்து போனார். இன்றைக்கும் கலக்கவில்லை. அவர் சாப்பிட்டு முடிக்க வேண்டியது இன்னும் பாதி பாக்கி, அதை எங்கே வைத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. வேண்டுமானால் கேட்கட்டும். அடுப்படியில் அல்ல, ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில், செருப்பு தைக்கிறவர் காதில் விழும்படி கேட்கட்டும், அங்கேயே தண்ணீரோடு கொடுக்கிறேன். இருமல் இன்னும் திரும்பவில்லை. திரும்பும், அவளுக்குத் திரும்பியதைக் கூட இருந்து பார்த்தவள் நான். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

ஆண்டவர் உன் கைகளுக்குப் பலமும் உன் வீட்டுக்குச் சமாதானமும் தரட்டும், குழந்தைக்கு என் முத்தம், மருமகனை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். ஒன்றை மறந்துவிடாதே. போனில் அப்பா இருமுவது கேட்டால் என்னிடம் கெஞ்சாதே, எனக்கு மனசு இளகிவிடும். அழாமல் அவரிடம் ஒன்றே ஒன்று சொல், ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கேளுங்கள் என்று.

இப்படிக்கு,
உனக்காக ஜெபிக்கிற அம்மா