கப்பல் என்று சொன்னவரின் கசெற்

என் அருமை ஊமைக்கோட்டான் அக்காவுக்கு,

கோபிக்காதே. இருந்த காலத்தில் அப்படித்தானே கூப்பிட்டேன். போன பிறகு மட்டும் "பேரன்புமிக்க" என்று தொடங்கினால் நீயே சிரிப்பாய். வீட்டில் நான் நூறு வார்த்தை கதைத்தால் நீ ஒன்று சொல்லுவாய், அதையும் யோசித்துத்தான் சொல்லுவாய். அந்த நீ போய் மனிதர் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்தாயே!

இங்கே வெள்ளவத்தையில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. கீழ்வீட்டு ஆக்கள் கனடாவுக்குப் போய்விட்டார்கள். ஒழுங்கை முகப்பில் ஆமிக்காரரின் சென்றிப் பொயின்ற் அப்படியே இருக்கிறது. அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பெடியன்கள்தான் மாறுகிறார்கள். கடல் பக்கத்து ஜன்னலை நான் திறப்பதில்லை. அதன் கீழேதான் உன் மேசை கிடக்கிறது.

குண்டுக்கும் சுற்றிவளைப்புக்கும் தப்பிய உன்னை ஒரு நுளம்பு கொண்டுபோய்விட்டது. டெங்கு என்றார்கள். ஆரோடு போய் நான் சண்டை பிடிப்பது? சண்டையால் பாதை பூட்டியிருந்ததால் அம்மாவால் யாழ்ப்பாணத்திலிருந்து வர முடியவில்லை. கனத்தை மயானத்தில் உன்னைச் சுற்றி நின்றவர்களில் பாதிப்பேரை எனக்கே தெரியாது. எல்லாரும் உன் நோயாளிகளின் வீட்டுக்காரர்.

போன மாதம் அம்மா ஒரு ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தா. வந்தவர் கப்பலில் வந்தவர். ஓம், கப்பல்தான். நீ சிரிப்பாய் என்று தெரியும். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"பிள்ளையின்ர குரல் எங்கையாவது பதிஞ்சு கிடக்கோ? ஒருக்காக் கேட்டால் காணும்."

நான் என்ன பதில் சொல்லுவேன், அக்கா? ஒரு காலத்தில் உன் குரல் அலுமாரி நிறைய இருந்ததே.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும், அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லுகிறேன், பொறுத்துக்கொள். பாரிசவாதம் வந்து பேச்சு இழந்தவர்களின் வீடுகளுக்கு நீ ரெக்கோர்டரோடு போவாய். ஒரே தலைக்குள் தமிழும் சிங்களமும் எப்படிச் சேர்ந்து குடியிருக்கின்றன, மூளையில் அடிபட்டால் எது போகும், எது மிஞ்சும்? அதுதான் உன் கேள்வி. இந்த நாட்டில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது என்று நான் பகிடி பண்ணுவேன்.

நீ படம் காட்டுவாய், அவர்கள் பெயர் சொல்லவேண்டும். பக்கத்தில் இருக்கிற மனைவியோ மகனோ பொறுக்கமாட்டாமல் சொல்லை எடுத்துக்கொடுக்கப் பார்ப்பார்கள். நீ விடமாட்டாய். தேடுகிற ஆள் தேடட்டும், தேடத் தேடத்தான் மூளை புது வழி பிடிக்கும் என்பாய். அதற்காக எவ்வளவு நேரமும் சும்மா இருப்பாய்.

கொட்டாஞ்சேனைத் துரைராசா ஐயா அப்படி ஒரு ஆள். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். வாதம் வந்த பிறகு அவரிடம் தங்கிய சொல் கப்பல் ஒன்றுதான். சீப்பின் படத்தைக் காட்டினாலும் கப்பல், கோப்பையைக் காட்டினாலும் கப்பல். ஒரு சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டு மற்றதுக்கு வழி விடாது, அது அந்த மூளை வருத்தத்தின் குணம் என்று நீ விளங்கப்படுத்தினாய். ஆனால் எண்ணச் சொன்னால் மளமளவென்று எண்ணுவார். கிழமை நாட்களையும் பிழையில்லாமல் ஒப்பிப்பார். பாடமாய்ப் போன பேச்சு அப்படித் தப்பிப் பிழைக்குமாம்.

பிறகு ஒரு விடியற்காலை பொலிஸ் வந்து எங்கள் வீட்டைச் சோதனை போட்டது. கசெற் பெட்டியோடு எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பொலிஸ் நிலையத்தில் ஒரு மேசையில் வைத்து ஓடவிட்டார்கள். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தார். கப்பல். கப்பல். ஒன்று, இரண்டு, மூன்று. திங்கள், செவ்வாய், புதன். ஆளின் வீடோ துறைமுகத்துக்குப் பக்கத்தில். அறையில் இருந்தவர்களின் முகம் மாறியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மொகத மே மினிஹா கியன்னே?" இந்த ஆள் என்ன சொல்லுகிறான் என்று அந்தப் பொலிஸ் பெரியவர் கேட்டார். எந்தக் கப்பல், எந்தக் கிழமை என்று அதட்டினார்.

"கப்பல் இல்லை, சேர். அது சீப்பு," என்றாய் நீ, உன் சுத்தமான சிங்களத்தில்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். "கசெற்றைக் கடைசிவரை போடுங்கோ, சேர்," என்று நீ கேட்டாய். அவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

அடுத்ததாகக் களனியில் நீ பதிந்த சிங்கள அம்மாவின் கசெற். அவவுக்கும் அதே வருத்தம், எல்லாவற்றையும் "மல்" என்பா, பூ என்று. குடைக்கும் பூ, கதிரைக்கும் பூ. கேட்டுக்கொண்டு நின்ற கொன்ஸ்தாபிள் நெஞ்சில் கை வைத்து, "அனே, பவ்," என்றான். ஐயோ பாவம் என்று. அவன் உண்மையாகத்தான் இரங்கினான், அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதே வருத்தம்தானே, அக்கா? சிங்களத்தில் வந்தால் பாவம், தமிழில் வந்தால் சதியா?

ஒரு வக்கீல் அலைந்து திரிந்து எங்களை வெளியில் எடுத்தார். சிங்களக் கசெற்றுகளைத் திருப்பித் தந்தார்கள். தமிழ்க் கசெற்றுகள் விசாரணையில் இருக்கின்றன என்றார்கள். நீ போய்க் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனாய்.

"பாதித் தலையை வைச்சுக்கொண்டு என்னத்தையடி எழுதிறது?" என்று ஒருநாள் என்னைக் கேட்டாய். பிறகு நீ அந்த மேசைக்குப் போகவே இல்லை.

துரைராசா ஐயா செத்தபோது அவரின் மனைவி பரமேஸ்வரி அக்கா உன் கையைப் பிடித்துக்கொண்டு கசெற்றைக் கேட்டா. கப்பல் என்று மட்டும் சொன்னாலும் அது அவரின் குரல்தானே. பஸ்ஸில் திரும்பி வருகிறபோது நீ அழுததை நான் வெளியே பார்க்கிற மாதிரி இருந்து பார்த்தேன்.

ஆகவே அம்மா கேட்டபோது என்னிடம் மிஞ்சியிருந்த உன் குரல் முழுக்கச் சிங்களம். "ஹெமின், ஹெமின்," என்கிறாய் அந்தக் களனி அம்மாவிடம். மெதுவாக, மெதுவாக. எவ்வளவு வடிவாகச் சொல்லுகிறாய்! ஆனால் ஒரு சொல் சிங்களம் தெரியாத அம்மாவிடம் அதைக் கொடுத்து, இந்தா உன் பிள்ளை என்று எப்படிச் சொல்வது?

நானே பொலிசுக்குப் போனேன். உன்னைப்போலப் பொறுமையாகக் கேட்கவில்லை, வாசலில் நின்று கத்தினேன். பழைய ஆட்கள் எல்லாரும் மாற்றலாகிப் போயிருந்தார்கள். புதிதாக வந்த ஒரு இளம் பொலிஸ்காரன் உள்ளே போய்த் தேடி ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்து தந்தான். உள்ளே இருந்த ஒவ்வொரு கசெற்றிலும் உன் கையெழுத்தை வெட்டிவிட்டு மேலே சிங்களத்தில் "பைலா" என்று எழுதியிருந்தது.

"ஹொந்த சிந்து, அக்கே," என்றான் வெட்கத்தோடு. நல்ல பாட்டுகளாம். அவனை நான் என்ன செய்ய?

வீட்டில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் உன் பதிவுக்கு மேலே பதிந்த பைலா ஆட்டப்பாட்டு. உன் அத்தனை வருஷ வேலைக்கு மேலே ஏறி நின்று ஆடியிருக்கிறார்கள். அழுது களைத்து, கடைசிக் கசெற்றை ஓடவிட்டுவிட்டு அரிசி கழுவக் குசினிக்குள் போனேன். எழும்பி வந்து நிற்பாட்டவும் மனமில்லை. பாட்டு முடிந்தது, நாடா சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அந்த மிச்சத்தில் அவர்கள் ஒன்றும் பதியவில்லைப் போலும்.

முதலில் காகம் கத்துகிற சத்தம். பிறகு ஒரு கிழவரின் குரல்: "கப்... கப்..."

"ஐயோ, நான் சொல்லட்டே பிள்ளை?" அது பரமேஸ்வரி அக்கா.

"வேண்டாம் அக்கா, அவர் தேடட்டும். அவசரமில்லை ஐயா. நான் இருக்கிறன்."

நீ! தமிழில்! ஈரக் கையோடு ஓடிவந்து ரெக்கோர்டருக்கு முன்னால் நின்றேன். கனநேரம் ஒரு சத்தமும் இல்லை. சும்மா இருக்கத் தெரியாத நான் அன்றைக்கு மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன்.

"சீ... சீப்பு," என்றார் துரைராசா ஐயா.

"ஓம் ஐயா," என்றாய் நீ. அதோடு நாடா முடிந்துவிட்டது.

இதற்காகத்தானே கடைசிவரை போடச் சொல்லிக் கேட்டாய்? அந்தப் பொலிஸ் பெரியவர் இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அவருக்கும் கேட்டிருக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இதன் பிரதி ஒன்றைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோகிறேன். பரமேஸ்வரி அக்கா தன் மனுஷனைக் கேட்கட்டும். மூலக் கசெற்றை ஆரிடமும் கொடுத்து அனுப்பமாட்டேன். பாதை திறக்கிற அன்றைக்கு நானே கொண்டுபோய் அம்மாவின் முன்னால் வைப்பேன். நீ "நான் இருக்கிறன்" என்று சொன்ன பிறகு அந்தக் கனநேர மௌனம் வரும். அம்மா என் முகத்தைப் பார்ப்பா. அப்போது நான் ஒரு சொல்லும் எடுத்துக்கொடுக்க மாட்டேன், அக்கா. இது உனக்குச் சத்தியம்.

வாயை மூடிக்கொண்டு உனக்காகக் காத்திருக்கப் பழகும்
உன் வாயாடித் தங்கச்சி,
கலா