ஆடாத தண்ணீர்

1955, அக்டோபர் 4

மட்டக் கண்ணாடிக் குழாய் ஒரு பெட்டி வந்தது. ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம், வைக்கோலில் படுத்துக் கிடக்கின்றன. புது பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே காட்டுகிற குழாய்கள், உடைந்தால் மாற்றி மாட்ட வந்தவை. புது இன்ஜினியர் மசுசாவா பெட்டியை என் பக்கம் தள்ளினார். "கோஹேய் அண்ணே, எதை வச்சு வெட்டுறதுன்னு நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க. இந்தப் பட்டு ஆலையில கண்ணாடி வெட்ட உங்கள விட்டா வேற யாரு?"

தலையாட்டிவிட்டு வந்தேன். பிப்ரவரிக்குப் பிறகு நான் ஒரு கண்ணாடியும் வெட்டவில்லை.

அக்டோபர் 6

முக்கோண அரத்தால் கீறி, இரண்டு கட்டைவிரலை வைத்து முறித்துப் பார்த்தேன். மெல்லிய குழாய்க்குச் சரி, இது தடித்தது. ஐந்தில் மூன்று கோணலாகப் போயின. சாராயத்தில் நனைத்த நூலைச் சுற்றிக் கொளுத்தித் தண்ணீரில் முக்கினேன். விரிசல் தன் இஷ்டத்துக்கு ஓடியது.

"முன்னாடி எப்படித்தான் வெட்டுவீங்க?" என்றார் மசுசாவா.

"சிவக்கக் காய்ச்சின கம்பி."

"அதையே பண்ணலாமே. அதுக்கென்ன குறைச்சல்?"

கம்பிக்கு ஒரு குறையும் இல்லை.

அக்டோபர் 7

இங்கேயாவது எழுதுகிறேன். வேறு எங்கே சொல்வது?

பிப்ரவரி 9. பழைய பாய்லரின் இரண்டு மட்டக் கண்ணாடிகளில் ஒன்று ஏற்கெனவே விரிசல் விட்டு மூடிக் கிடந்தது. மற்றதும் கசிந்தது. கையிருப்பில் ஒரே ஒரு குழாய். கம்பி வைத்து வெட்டினேன், முனை பிசிறாக உடைந்தது. பிசிறு போகச் சாணைக்கல்லில் தேய்த்தேன். தேய்த்து முடித்துப் பார்த்தால் ஆறு மில்லிமீட்டர் குறைவு.

தெரியும். ஆறு மில்லிமீட்டர் என்று அளந்து பார்த்தேன், தெரியும்! நீளம் போதாவிட்டால் நட்டை இறுக்கும்போது ரப்பர் வளையம் பிடிக்க இடமில்லாமல் மெல்ல மெல்லக் குழாயின் வாய்க்குள் பிதுங்கி அடைக்கும்; அப்புறம் பாய்லரில் தண்ணீர் இறங்கினாலும் கண்ணாடியில் இறங்காது. ஒரு வாரம் தாங்கும், அதற்குள் புதுக் குழாய் வந்துவிடும் என்று மாட்டினேன். பாய்லருக்குத் தீ போடும் யோசாகுவிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுப்பை அணைத்திருப்பான்.

நான்காம் நாள் பாய்லர் வறண்டு வெடித்தது. யோசாகு வெந்துபோய் இரண்டு நாள் கிடந்தான். "கண்ணாடியில பாதிக்குத் தண்ணி நின்னுச்சு. நின்னுச்சு..." இதையே சொல்லிக்கொண்டிருந்து செத்தான். ஒருவரும் நம்பவில்லை. தூங்கிவிட்டான் என்று விசாரணையில் எழுதினார்கள்.

இடிபாட்டைக் கூட்டும்போது கீழ் நட்டு என் கையில் கிடைத்தது. உள்ளே ரப்பர், குழாயின் வாயை அடைத்துக்கொண்டு. சட்டைப் பையில் போட்டேன். ஒரு சின்னப் புகையிலை டப்பாவில் அது இன்னும் அதே பையில் இருக்கிறது.

அக்டோபர் 10

தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, உள்ளே ஆடுகிறதா என்று பார்க்கிறேன். சோற்றுப் பானையிலும் பார்க்கிறேன். உயிருள்ள பாய்லரில் கண்ணாடித் தண்ணீர் சும்மா நிற்காது, துள்ளிக்கொண்டே இருக்கும். அவன் பார்த்த தண்ணீர் ஆடியிருக்காது. வழி அடைபட்டு, மேலிருந்து ஆவி குளிர்ந்து சேர்ந்த தண்ணீர். அதை அவனுக்கு அப்படி நிற்க வைத்தவன் நான்.

அக்டோபர் 13

நீராவிக் குழாய் பார்க்க நூற்கும் கொட்டகைக்குப் போனேன். தோமி வழக்கமான இடத்தில் இருந்தாள், கொதிநீரில் பட்டுக்கூடுகளைப் புரட்டிக்கொண்டு. யோசாகுவின் மனைவி. விரல்கள் வெளுத்து ஊறிப் போயிருக்கின்றன. குழாயில் ஆவி வரத்து சற்றுக் குறைந்ததும் பக்கத்து இருக்கைக்காரி சத்தமாகச் சொன்னாள்: "என்னடி இது, பாய்லர்காரன் உன் வீட்டுக்காரர் மாதிரி குறட்டை விடுறானோ?" இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

தோமி தலை நிமிரவில்லை. என்னைப் பார்த்ததும் மட்டும், "வாங்கண்ணே, இந்த வால்வு கசியுது" என்றாள். அண்ணே!

அக்டோபர் 17

நவம்பர் எட்டாம் தேதி துருத்தித் திருவிழா, நெருப்போடு வேலை செய்கிறவர்களின் பண்டிகை. பாய்லருக்கு நெருப்பிட்டவர்களுக்கு, இருப்பவர் இறந்தவர் எல்லோருக்கும், ஆளுக்கொரு ஆரஞ்சுப்பழம் பாய்லர் முன் தட்டில் வைப்போம். பட்டியலில் யோசாகு இல்லை. ஆலை முதலாளியிடம் கேட்டேன். "பாய்லரையே கொன்னவனுக்குப் பழம் வேறயா? உனக்கென்ன அவன் மேல இவ்வளவு பாசம்?"

பாசமா? வாயைத் திறந்தேன். இருமிவிட்டு வந்தேன். கோழை.

அக்டோபர் 20

மசுசாவா, குழாய்க்குள் கம்பியோடு நுழைந்து உட்பக்கம் கீறுகிற சின்னச் சக்கரம் ஒன்று தருவித்திருந்தார். வேண்டாம் என்றேன். சற்று வழுக்கினால் உள்ளே வேறிடத்தில் கீறல் விழும், அந்த இடத்தில் என்றைக்காவது வெடிக்கும்.

கடைசியில் மெல்லிய சாணைத் தட்டு. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, குழாயைச் சுழற்றியபடி அறுத்தால் நூல் பிடித்தாற்போல வருகிறது, பிசிறே இல்லை. பத்து வெட்டினேன், பத்தும் சரியான நீளம். மசுசாவா கைதட்டினார். இந்தத் தட்டு பிப்ரவரியிலும் ஆலையில்தான் இருந்தது, அடுத்த கொட்டகையில். போய் எடுத்து வர எனக்குச் சோம்பல்.

அக்டோபர் 21

பதினொன்றாவதை வெட்டினேன். ஆறு மில்லிமீட்டர் குறைத்து.

மசுசாவா அளந்து பார்த்தார். "என்னண்ணே, தெரிஞ்சே தப்பா வெட்டியிருக்கீங்க?"

"குறைச்சல்னு தெரிஞ்சே செய்யறது இது ரெண்டாவது" என்றேன். டப்பாவைத் திறந்து வைத்தேன். நட்டுக்குள் பார்த்தார். ரப்பரை விரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு, "எல்லாரும் கண்ணால பார்க்கட்டும்" என்றார்.

புது பாய்லரில் இடது பக்கம் சரியான கண்ணாடி, வலது பக்கம் குட்டைக் கண்ணாடி மாட்டினோம். இடதைப் பார்த்து மட்டுமே ஓட்ட வேண்டும் என்று எழுதித் தொங்கவிட்டார்.

அக்டோபர் 24

இன்னும் இரண்டும் ஒன்றாகத்தான் ஆடுகின்றன. ரப்பர் பிதுங்காமலே போனால்? போகட்டுமே என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 25

காலையில் வலது கண்ணாடியில் தண்ணீர் ஆடவில்லை.

மசுசாவா முதலாளியை, பாய்லர் ஆய்வாளரை, எல்லோரையும் வரவழைத்தார். தோமியை நான் போய்க் கூப்பிட்டேன். பாய்லர் தண்ணீரைக் கொஞ்சம் திறந்துவிட்டோம். இடது கண்ணாடியில் மட்டம் இறங்கியது, இறங்கியது. வலதில் பாதிக்கு நின்றது, நின்றபடியே நின்றது. "யோசாகு இதத்தான் பார்த்தான். தூங்கல. வெட்டினவன் நான். குறைச்சல்னு எனக்குத் தெரியும்" என்றேன். முதலாளி என்னவோ கத்தினார். எனக்குக் கேட்கவில்லை. தோமி வலது கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. பிறகு போய்விட்டாள்.

அக்டோபர் 31

ஆய்வாளர் என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு, நட்டைப் படம் பிடித்துக்கொண்டு, டப்பாவைத் திருப்பித் தந்தார். எனக்கு இனி கரிக்கொட்டடியில் பாய்லருக்குக் கரி அள்ளும் வேலை. வழக்கு வரலாம் என்கிறார்கள். வரட்டும்.

நவம்பர் 8

தட்டில் யோசாகுவுக்கும் பழம் இருந்தது. பூசை முடிந்ததும் தோமி அதை எடுத்துக்கொண்டு, மற்றவர்களைத் தாண்டி, கரிக்கொட்டடிக்கே வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"உங்கள மன்னிக்கிறதப் பத்தி இப்ப கேக்காதீங்க" என்றாள். "எட்டு மாசமா தினம் சோறு வைக்கிறப்பல்லாம் அவர் படத்துக்கு முன்னாடி நின்னு திட்டியிருக்கேன். கண்ணத் திறந்து வச்சிருக்கக் கூடாதான்னு. எல்லாரும் சொன்னாங்கன்னு நானும் நம்பிட்டேன்."

கையை நீட்டினாள். "அந்த டப்பாவக் குடுங்க. அவர் முன்னாடி வைக்கணும். நான் வெறும் வாயால சொன்னா இனிமே அவரு எதையும் நம்ப மாட்டாரு."

கொடுத்தேன். பழத்தையும் டப்பாவையும் ஒரே துணியில் முடிந்துகொண்டு போனாள்.

சட்டைப் பை காலியாக இருக்கிறது. இதை எழுதுகிற நேரத்துக்குள் நான்கு முறை கை அங்கே போய்விட்டது.