மண்டோரின் கட்டியும் என் தலைமுடியும்

1936 செப்டம்பர் 6, ஞாயிறு

காலையில் பாசாருக்குப் போய்ச் சின்ன மீன் கொஞ்சமும் கத்தரிக்காயும் வாங்கி வந்தேன். கத்தரிக்காய் எங்களுக்கு, மீன் மண்டோருக்கு. இப்படி எழுதிப் பார்க்கும்போதுதான் இந்த வீட்டில் யாருக்கு என்ன மதிப்பு என்பது விளங்குகிறது.

மண்டோர் எங்கள் பூனை. சாம்பல் நிறம், வலது முன்காலில் மட்டும் வெள்ளைச் சாக்ஸ் மாட்டியது போல இருக்கும். இருபத்தாறாம் வருஷத்து வெள்ளத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்குள் தண்ணீர் புகுந்தபோது ஒரு சோப்புப் பெட்டியில் உட்கார்ந்து மிதந்து வந்தது. அப்போதே முழுசாக வளர்ந்த பூனை. நாங்கள் எல்லாரும் சேறு வாரிக்கொண்டிருக்க, அது சுவர்மேல் ஏறி, யார் வாருகிறான், யார் சும்மா நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தது. ரப்பர் தோட்டத்தில் கூலிகளை மேய்க்கிற மண்டோர் பார்க்கிற உத்தியோகமும் அதுதானே. பெயர் நிலைத்துவிட்டது.

மத்தியானம் மகள் சந்திரகலா அதற்கு உண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இங்க ஒரு கட்டி இருக்கு" என்றாள். அடிவயிற்றில், கொட்டைப்பாக்கு அளவில். "தின்னு தின்னுக் கொழுப்பு" என்று சொல்லிவிட்டேன். பதின்மூன்று வயதுப் பெண் என்னைப் பார்த்தாள். நான் புளுகும்போது அவள் அம்மா பார்க்கிற அதே பார்வை.

பூனையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டேன். நாளை முதல் உலக விஷயம்.

செப்டம்பர் 9

உலக விஷயம் ஒன்றும் அகப்படவில்லை. கட்டி அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 12, சனி

கூடையில் சாக்கை விரித்து மண்டோரை உள்ளே வைத்து, மூடியைக் கயிற்றால் கட்டி, சைக்கிளில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். வழி நெடுக அது போட்ட கூச்சலில் நான் பிள்ளை பிடிக்கிறவன் என்று நினைத்து நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் பால்காரர் ஒருவர் பசுவோடு நின்றார். "கூடையில என்ன அண்ணே, கன்னுக்குட்டியா?" என்றார். பூனை என்றேன். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை, பசுவோடுதான் பேசினார்.

டாக்டர் கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணை மூடிக்கொண்டு வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வயது கேட்டார். "பத்து வருஷம் எங்க வீட்டுல. அதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தாரோ தெரியாதுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இது கொழுப்பில்லை, காணும். கட்டிதான். கூடாத கட்டி. விட்டால் வளந்து, உடைஞ்சு புண்ணாகும். வெட்டி எடுக்கலாம். ஆனால் கிழடு. மயக்கத்திலேயே போனாலும் போகும். யோசிச்சுச் சொல்லும்."

"அவனுக்கு வலிக்குதுங்களா?"

"அவனோ? இது பெட்டையெல்லோ. கட்டி வந்திருக்கிறதே முலையிலதான். பத்து வருஷமா நீர் கவனிக்கேல்லையோ?"

மண்டோர் என்று பெயர் வைத்த பிறகு அதற்குமேல் விசாரிக்கவில்லை என்றேன். பால்காரர் சிரித்தார். பசுகூடச் சிரித்த மாதிரி இருந்தது.

திரும்பும்போது சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே வந்தேன். ரோடெல்லாம் பள்ளம், கூடை குலுங்கும். வயிறு குலுங்கினால் வலிக்குமோ என்னவோ. யாரைக் கேட்கிறது? வர்ற வழியில அது கத்தவே இல்ல. கத்தித் தொலைச்சா நல்லாயிருக்கும்னு தோணிச்சு.

செப்டம்பர் 13

வீட்டில் சொல்லியாயிற்று. சந்திரகலா அழுதாள். அழுதுகொண்டே, "நம்ம மண்டோர் பொம்பளையா?" என்று சிரித்தாள். பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

என் மனைவி பவுனம்மாள் நேரே முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அவள் வேண்டிக்கொண்டது எனக்கும் நன்றாகவே கேட்டது, கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்: "முருகா, இந்தக் கட்டி கரைஞ்சு மண்டோர் பழையபடி நடமாடட்டும். தைப்பூசத்துக்கு இவரு உன் மலைக்கு வந்து முடி குடுப்பாரு."

இவரு என்றால் நான்.

இந்தக் குவாட்டர்ஸில் நாற்பத்தாறு வயதில் வகிடு எடுக்குமளவு முடி உள்ளவன் நான் ஒருவன்தான். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது, உத்தியோகம் குட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதும் கிராணியோடு நின்றது, முடி மட்டும் நிற்காமல் வளர்ந்தது. எனக்கென்று உள்ள ஒரே பெருமை அது.

"யாரைக் கேட்டு என் முடியை நேர்ந்த?"

"சாமியைக் கேக்குறப்போ உங்களையும் தனியாக் கேக்கணுமா?"

"உன் முடியில கொஞ்சம் குடேன்."

"எனக்கா கட்டி வந்திருக்கு?" என்றாள்.

எனக்கும்தான் வரவில்லை. ஆனால் அதைச் சொல்வதற்குள் அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே முந்தானையால் மூக்கைத் துடைக்கிற சத்தம் கேட்டது.

செப்டம்பர் 16

ஷெட்டில் பர்மா அரிசி மூட்டைகளுக்கு நடுவே எப்போதும் ஒரு பூனைப் பட்டாளம் திரியும். அவற்றை விரட்டுவது என் வேலைகளில் ஒன்று. இன்று துடைப்பத்தை ஓங்கினேன். ஓங்கியபடியே நின்றுவிட்டேன். எதிரே நின்ற பூனை சாம்பல் நிறம். வலது முன்காலில் வெள்ளைச் சாக்ஸ்.

சுற்றிப் பார்த்தால் மூட்டைமேல் இன்னொன்று, தராசுத் தட்டில் இன்னொன்று. எல்லாம் அதே சாக்ஸ்.

வயிறு பெருத்தபோதெல்லாம் "மண்டோருக்குத் தீனியைக் குறை" என்று பவுனம்மாளிடம் சொன்ன அறிவாளி நான். அப்புறம் அது பல நாள் காணாமல் போகும். "மண்டோர் சுற்றுப்பயணம் போயிருக்கார்" என்று பக்கத்து வீட்டுக் கிரிகரியிடம் பெருமையாகச் சொல்வேன். கிரிகரி கிள்ளான் ரயிலில் கார்டு. இன்று அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "பேரன் பேத்தி எல்லாம் கவர்மென்ட் உத்தியோகத்துல இருக்கு. உனக்கு என்ன கவலை லா?" என்றார்.

துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டேன்.

செப்டம்பர் 20, ஞாயிறு

கட்டி பெரிதாகிவிட்டது. நக்கி நக்கி அந்த இடத்தில் மயிர் போய்விட்டது.

"வயசான காலத்துல கத்தி வைக்காதீங்க, இருக்கிற மட்டும் மடியிலேயே இருக்கட்டும்" என்கிறாள் பவுனம்மாள். "வெட்டிடுங்க அப்பா" என்கிறாள் மகள். குடும்பத் தலைவன் என்ன சொல்கிறான் என்று இருவரும் காத்திருக்கிறார்கள். தலைவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. மடியில் கிடந்து போனால் நோகாமல் போகுமா? டாக்டர் புண்ணாகி உடையும் என்றாரே. மயக்கத்தில் போய்விட்டால் நான் கொன்றதாகுமா?

இப்படி நான் சுவரைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் சட்டியில் இருந்த மீனைக் காணோம். மண்டோர் அலமாரிக்கு அடியில் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

திருடத் தோன்றுகிற வரைக்கும் உலகத்தில் அதற்கு இன்னும் வேலை இருக்கிறது. வெட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். பவுனம்மாள் காலிச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "சரி. அப்ப நீங்களே பக்கத்துல இருக்கணும்" என்றாள்.

செப்டம்பர் 24

லீவு கேட்டேன். பூனைக்கு ஆபரேஷன் என்று பெரிய கிராணியிடம் சொல்ல முடியுமா? "வீட்டுல ஒரு வயசான பொம்பளைக்கு ஆபரேஷன்" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவர் முகம் இளகி, எழுந்து நின்று என் தோளைத் தட்டினார். ஷெட்டில் எல்லாருமாக ஆரஞ்சுப் பழம் வாங்கிக் கொடுத்தார்கள்.

செப்டம்பர் 25

சோறு இறங்கல. பூனைதானே கன்னையா. பூனைதானே. எதுக்குடா கூடைச் சாக்கை மூணு தடவை உதறுற?

செப்டம்பர் 26, சனி

உயிரோடு இருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

டாக்டர் மண்டோரைச் சாக்கில் சுற்றித் தலையை மட்டும் வெளியே விட்டார். "எருமை, மாடு, குதிரை எல்லாம் வெட்டியிருக்கிறன். பூனைக்கு இதுதான் முதல்" என்றார். நல்லவேளை, முன்னாலேயே சொல்லவில்லை. குளோரோபாரம் ஊற்றிய துணியை மூக்கருகே பிடித்தார். "நீர் பின்னங்காலை இறுக்கிப் பிடியும், காணும்."

பிடித்தேன். கால் மெதுவாகத் தளர்ந்தது. அந்தத் தளர்ச்சி என் கைக்குள் வந்தது. அதற்கப்புறம் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது.

கண் விழித்தபோது ஒரு பெஞ்சில் கிடந்தேன். முகமெல்லாம் தண்ணீர். பக்கத்துப் பெஞ்சில் சாக்குக்குள்ளிருந்து மண்டோர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு முன்னாலேயே விழித்துவிட்டதாம். வேலை நேரத்தில் தூங்கியவனைப் பார்க்கிற பார்வை.

"கட்டி முழுசா வந்திட்டுது" என்றார் டாக்டர். "திரும்பி வராதெண்டு நான் சொல்ல மாட்டன். வருமட்டும் லாபம். உம்மைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோக ஆள் வேணும் போல."

செப்டம்பர் 27, ஞாயிறு

காலை ரயிலில் கிள்ளானிலிருந்து மாமியார் மாரியாயி வந்து இறங்கினார். கையில் பெட்டி. முகத்தில் நெருப்பு. ஷெட்டில் நான் சொன்னதைக் கேட்ட கிரிகரி, வயசான பொம்பளை என்றால் அவராகத்தான் இருக்கும் என்று கிள்ளானில் மாமியாரின் தம்பியிடம் விசாரித்துவிட்டாராம்.

"எனக்கு எந்த இடத்துல ஆபரேஷன், மாப்பிள்ளை?" என்றார். "சொன்னா நானும் அந்தப் பக்கம் வலிக்குதான்னு பாத்துக்குவேன்."

நான் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து நீட்டினேன். பவுனம்மாள் சிரித்து, சிரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இந்த மாதத்தில் அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். பிறகு மாமியார் மண்டோரைப் பார்த்தார். வயிற்றில் மாட்டுக்குப் போடுகிற தடித்த நூலில் தையல். "அடி பாவி மகளே, நீயா அந்தப் பொம்பளை?" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். மீனை முள் எடுத்து, பிசைந்து ஊட்டினார். மருமகனுக்குத் தீபாவளிக்குக்கூட அப்படி ஊட்டியதில்லை.

அக்டோபர் 5

தையல் பிரித்தாயிற்று. மண்டோர் இன்று சுவர்மேல் ஏறியது. முதல் தாவலில் விழுந்தது. விழவே இல்லை என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி தாவியது. மாமியார் கிள்ளானுக்குப் போகிற பேச்சையே எடுக்கவில்லை.

நவம்பர் 22

தீபாவளி முடிந்து எண்ணெய் வாசனைகூட அடங்கிவிட்டது. இனிமேல் தைப்பூசம். என் வழக்கை இன்று எடுத்து வைத்தேன்.

"கட்டி கரைஞ்சாத்தானே முடி? கரையலையே. டாக்டர் வெட்டித்தானே எடுத்தாரு? அப்படிப் பாத்தா முடியை அவருக்குத்தான் குடுக்கணும்."

"குடுங்க. அவரு தலையில ஒட்ட வச்சுக்குவாரு" என்றாள் பவுனம்மாள். டாக்டர் தலை வழுவழுவென்று இருக்கும்.

"அப்பா, எருமை வெட்டுற கையைப் பூனைக்குச் சரியா நடத்துனது யாரு?" என்றாள் சந்திரகலா.

மாமியார் மண்டோரைத் தடவிக்கொண்டே, "இத்தனை பேசுற ஆளு அன்னைக்கு மயங்கி விழுந்தாரே, அவரை எழுப்பி விட்டது யாரு?" என்றார்.

தண்ணீர் என்று சொல்ல வாயெடுத்தேன். மூன்று பெண்கள். மண்டோரையும் சேர்த்தால் நான்கு. வழக்கு தள்ளுபடி.

1937 ஜனவரி 29

பூசம் முடிந்தும் கால்வலி போகவில்லை. ஸ்பெஷல் ரயிலில் பத்துமலைக்குப் போனோம், நிற்க இடமில்லை. அடிவாரத்தில் நாவிதர் தலையில் தண்ணீரைத் தெளித்தபடி, "என்ன வேண்டுதல் அண்ணே, வீட்டம்மாவுக்கா, பிள்ளைக்கா?" என்று கேட்டார். நான் கொஞ்சம் யோசித்து, "வீட்டுல பெரியவங்களுக்கு" என்றேன்.

முடி மடியில் விழுந்தது. அழுகை வரும் என்று பயந்திருந்தேன். வரவில்லை. காற்றுப் பட்டதும் தலை சிலிர்த்தது. மரப்படியில் ஏறும்போது எவ்வளவு லேசாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஸ்டேஷனில் கிரிகரி, "சிக்னல் விளக்கு மாதிரி தூரத்துலேருந்தே தெரியுது லா. உன்னைப் பாத்து ஒரு வண்டி நின்னுடப் போகுது" என்றார்.

வீட்டுக்கு வந்து பாயில் படுத்தேன். மண்டோர் வந்து மொட்டையை மோந்து பார்த்தது. பிறகு நக்கத் தொடங்கியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி எரிந்தது. முழுவதும் நக்கி முடிக்கும் வரை அசையாமல் கிடந்தேன்.

மார்ச் 7

ஷெட்டில் மூட்டைக்குப் பின்னால் புதுக் குட்டிகள். மண்டோரின் கொள்ளுப்பேரர்களாக இருக்கும். ஒன்றுக்கு மட்டும் சாக்ஸ் இடது காலில். அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டது போல.

ஜூன் 13, ஞாயிறு

காலையில் பாசாருக்குப் போய்ச் சின்ன மீன் வாங்கி வந்தேன். உள்ளே பவுனம்மாளும் அவள் அம்மாவும் மீன் கழுவியபடி எதற்கோ சிரிக்கிறார்கள். சந்திரகலா பள்ளிக்கூடப் பாட்டு ஒன்றைத் தப்பும் தவறுமாகப் பாடிக்கொண்டிருக்கிறாள். மண்டோர் என் மடியில்.

காதுக்குப் பின்னால் சொறிந்து, கழுத்துக்கு வந்து, வயிற்றுக்குப் போன விரலில், பழைய தழும்புக்குப் பக்கத்தில் மிளகு அளவு ஏதோ உருண்டது. மறுபடி தேடினேன். இருந்தது. மண்டோர் ஒரு கண்ணைத் திறந்து, சொறிகிற வேலையை ஏன் நிறுத்தினாய் என்று பார்த்தது. நிறுத்தாமல் சொறிந்தேன். தூங்கிவிட்டது.

வருமட்டும் லாபம் என்றாரே டாக்டர். நல்ல லாபம்தான்.

உள்ளே இன்னும் சொல்லவில்லை. மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம். மண்டோரை மெதுவாகப் பாயில் இறக்கிவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். சீப்பை வைத்துப் பார்த்தேன். வகிடு நிற்கிறது. முன்னைவிட அடர்த்தி என்றுகூடச் சொல்லலாம்.

அப்படியே முருகன் படத்துக்கு முன்னால் போனேன். இந்தத் தடவை நானே சொன்னேன்.