விக்டோரியா ராணிக்கு ஒரு வளையம்

நான் ஒருநாளும் நம்பாத ஒரு முதலீடு கெட்டுப்போனதற்கு எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வர வேண்டும்? மாலையிலிருந்து யோசிக்கிறேன், விடை தெரியவில்லை. விரல்களில் இன்னும் பூந்திக்கொட்டை வாசம். உன் நாத்தனார் நுரை சொட்டச் சொட்ட என் உள்ளங்கையில் வைத்த காசின் வாசம் அது.

உன் காசு. எழும்பூரில் பழைய நாணய ஏலத்தில் நீ எடுத்தாயே, விக்டோரியா ராணி தலை போட்ட தங்கக் காசு, அதுதான்.

வடக்குப்பட்டு நிலத்துக்குப் பணம் வந்தபோது உன் பங்காளிகள் எல்லாரும் ஒரகடம் கம்பெனிப் பையன்களுக்கு வாடகை அறைகள் கட்டினார்கள். நீ மட்டும் இதை வாங்கிக்கொண்டு வந்து நின்றாய். அந்த வருடம் அடித்த காசுகள் உலகத்தில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன என்றாய். நான் வணிகவியல் படித்தவள். "வாடகையும் தராது, வட்டியும் தராது. இதுக்குப் பேரு முதலீடா?" என்று கேட்டேன்.

"தங்கத்துக்கு எடை மட்டுந்தாண்டி. இதுக்கு வயசும் இருக்கு" என்று சிரித்தாய். "உனக்கு நம்பிக்கை இல்லன்னா போவுது. பேங்க்ல உன் லாக்கர் இருக்கு இல்ல? அதுல வெச்சிரு."

கொடுக்கும்போது விளிம்பை மட்டும் இரண்டு விரல்களால் பிடித்திருந்தாய். "மூஞ்சில கை வெக்காத, ராணிக்குக் கோவம் வரும்." பிறகு உன் மகளைப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் சொன்னாய்: "ஜெனிக்குத்தான். என்னிக்காவது அவ யாரையும் கேக்காம ஒரு முடிவு எடுக்கணும்னா, அன்னிக்கு வித்துக்கட்டும்."

நீ கண்ணை மூடிய பிறகும் அது என் லாக்கரில்தான் இருந்தது. கல்யாணம் நிச்சயமானதும் ஜெனியிடம் கொடுத்து, நீ சொன்னதைச் சொன்னேன். துடைக்காதே என்றும் சொன்னேன். அவள் இருங்காட்டுக்கோட்டைக்கு ஷிப்ட் போயிருந்த நேரத்தில், உன் நாத்தனார் உங்கள் வீட்டு வழக்கப்படி கல்யாண நகைகளை எல்லாம் பூந்திக்கொட்டை நுரையில் போட்டார். காசும் அதில் விழுந்தது. பழைய பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார். ராணியின் கொண்டையில் முடியை விட மெல்லிய கீறல்கள்.

"ஏங்க தேய்ச்சீங்க?" என்றேன்.

"இன்னா மேடம், மங்கிப் போயி கெடந்துச்சு. தாலில கோக்கறது பளபளன்னு இருக்க வாணாமா? நாளைக்குப் பத்தர்கிட்ட குடுத்து வளையம் வெச்சிட்டா, சிலுவைக்குப் பக்கத்துல ஜம்முனு ஒக்காரும்."

"தேய்ச்சா விலை குறையுங்க."

"தங்கம் ஒரு பொட்டு கொறையல. அப்பறம் அழுக்குக்கா வெல?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. நீ இல்லாத வீட்டில் ஜெனிக்குத் தலை வாரி, சோறு கட்டிக் கொடுத்தவர் அவர். அதனாலேயே எனக்கு இன்னும் எரிச்சல். யாரைத் திட்டுவது?

ஏலக்காரருக்குப் படம் அனுப்பினேன். "கொஞ்சம் அடி வாங்கிடுச்சு மேடம். ஆனா வளையம் மட்டும் பத்த வெச்சிடாதீங்க. அப்புறம் வெறும் தங்க வெலதான்" என்றார். ஷிப்ட் முடிந்து வந்த ஜெனியிடம் அதையே சொன்னேன். "நான் பாத்துக்கறேன் ஆன்ட்டி" என்றாள்.

நேற்றிரவு இதோடு நிறுத்திவிட்டேன். இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

படப்பையில் பத்தர் கடைக்கு மூவரும் போனோம். பத்தர் தராசில் வைத்துவிட்டு, "சரியா ஒரு பவுனு" என்றார். உன் நாத்தனார் பெருமையோடு என்னைப் பார்த்தார். நான் ஜெனியைப் பார்த்தேன்.

"வளையம் வெச்சிடுங்க" என்றாள்.

அவளை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "அம்மா எதுக்குக் கொடுத்தாங்கன்னு சொன்னேன் இல்ல?"

"யாரையும் கேக்காம முடிவு எடுக்கணும்னு சொன்னாங்க. எடுத்துட்டேன் ஆன்ட்டி. அத்தை ஆசையா தேய்ச்சிருக்காங்க. நான் இத விக்கப் போறதில்ல. விக்காததுக்கு வெல எதுக்கு?"

ஒரு நாள் தேவைப்படும் என்று சொல்ல நினைத்தேன். கல்யாணப் பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது? நீ இருந்திருந்தால் சொல்லியிருப்பாய். உள்ளே பத்தர் நெருப்பை ஊதிக்கொண்டிருந்தார். ராணியின் தலைக்கு மேல் வளையம் ஏறியது.

சூடு ஆறியதும் ஜெனி எடுத்துப் பார்த்தாள். விளிம்பை மட்டும், இரண்டு விரல்களால் பிடித்து. இனி எப்படிப் பிடித்தால் என்ன என்று வாய் வரை வந்தது. அவள் என்னிடம் நீட்டினாள். நானும் விளிம்பைப் பிடித்துத்தான் வாங்கினேன்.