நாற்காலிக்கு எழுதிய பெயர்கள்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
3-2-1938

அன்புள்ள அக்காவுக்கு,

வாசு வணக்கம். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலைநிறுத்தத்தில் நீங்களும் அத்தானும் என்ன சாப்பிடுகிறீர்களோ என்பதுதான் கவலை. ஒன்பது நாளாகத் தோட்டத்தில் ஒரு ரப்பர் மரத்திலும் பால் வெட்டவில்லை என்று பத்திரிகையில் வந்ததிலிருந்து ரயில்வே ஆப்பீசில் எல்லாரும் என்னைத்தான் கேட்கிறார்கள், நானே பால்கத்தியைக் கீழே போட்ட மாதிரி.

ஒரு நல்ல சேதி. எங்கள் சமரச சங்கத் தலைவர் சபாபதி ஐயா துரையோடு பேசிச் சமாதானம் செய்துவைக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். தொழிலாளிகளையும் ஆப்பீசுக்குள் நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பேசுவேன் என்கிறார். நம் ஆட்களுக்கு நாற்காலி, அக்கா! ஐந்து பேர் வரலாம். யார் யார் என்று பெயரோடு எழுதுங்கள். சங்கத்தின் காரியதரிசியாகக் கேட்கிறேன். தம்பியாகக் கெஞ்சுகிறேன், உடனே எழுதுங்கள்.

உங்கள் வாசு


ஒன்பதாங்கட்டைத் தோட்டம், கிள்ளான்
6-2-1938

தம்பி வாசுவுக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

காரியதரிசி ஆனதும் உன் கையெழுத்து பெருத்துவிட்டதே! சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. மரவள்ளி இருக்கிறது, ஆற்றில் மீன் இருக்கிறது. அத்தான் பேசியே வயிற்றை நிரப்பிக்கொள்கிறார். கணக்கு எழுதுகிற சாக்கில் பெண்பிள்ளைகளைக் கை நீட்டி அடிக்கிற கிராணியை மாற்ற வேண்டும், சாயங்கால வேலை கூடாது. இரண்டே இரண்டுதான் கேட்கிறோம். அதற்கே துரைக்கு மூக்குக்கு மேல் கோபம்.

பெயர் எழுத வேண்டும் என்றதும் அத்தான் தடுத்தார். "காயிதத்துல பேரு போகக்கூடாது தனம். கூப்பிட்டா நாங்களே நேர்ல போறோம்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "நான் இடுப்புல வச்சு வளர்த்த பிள்ளை கேக்குது. நம்மள வித்துடவா போறான்?" என்று சத்தம் போட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எழுதிக்கொள்: முதலில் உன் அத்தான் வேலாயுதம், அப்புறம் காத்தமுத்து, அரியபுத்திரன், தங்கமணி. பேசுகிறவர்கள் இந்த நாலு பேர்தான். ஐந்தாவதாக மாட்டுக்கொட்டகை ஜெயராஜ் அண்ணன் பெயரைப் போடு. அவருக்குப் பேச வராது. வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறார். ஆனால் துரைக்கு முன்னால் ஒரு தடவையாவது நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுவார். ஒரு நாற்காலி சும்மாதானே இருக்கிறது, பாவம், உட்காரட்டும். இதை யாரிடமும் நான் சொல்லவில்லை, அத்தானிடம்கூட. உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

அக்கா தனம்


ஒன்பதாங்கட்டை
5-3-1938

தம்பி வாசு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அத்தானைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சமாதானம் ஆன கதை உனக்குத் தெரியும். நாற்காலி ஒன்றும் போடவில்லை. ஐயா மட்டும் உள்ளே போனார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, "கிராணிய மாத்தியாச்சு, சாயங்கால வேலை இல்ல. ஒருத்தர் மேலயும் கை வைக்க மாட்டாங்க, இது என் வாக்கு" என்றார். பெண்கள் எல்லாரும் அழுதோம். நான்தான் முதல் மாலையைப் போட்டேன்.

நேற்றுக் காலை ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக்கு நிற்கும்போது போலீஸ் லோரி வந்தது. ஒரு இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பார்த்து ஐந்து பெயர் வாசித்தார். அத்தான் முதல் ஆளாக ஏறினார். ஜெயராஜ் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்றே நாள். "என்னையும் கூப்பிட்டாங்களா, தனம்?" என்று கேட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஏறினார். அவர் பெயர் எப்படி அதில் வந்தது என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

நாடு கடத்தப் போகிறார்கள் என்று சொல்கிறார்கள். ஐயாவிடம் ஓடு. வாக்குக் கொடுத்தவர் அவர். இதைப் படித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பு, என் கண்ணல்லவா.

அக்கா


பிரிக்பீல்ட்ஸ்
20-3-1938

அன்புள்ள அக்கா,

நான் ஓடாமல் இல்லை. மூன்று தடவை ஐயாவைப் பார்த்தேன். மேலிடத்துக் காரியம், தன் கையில் இல்லை என்று வருத்தப்பட்டார். பதினேழாம் தேதி போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல் ஏற்றினார்கள். நான் வேலிக்கு வெளியே நின்றேன். அத்தான் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

ஐயா சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். "துரை ஐந்து பேரைக் கேட்டார், தம்பி. இல்லையென்றால் ஐந்நூறு பேரையும் லயத்து வீடுகளைவிட்டுத் துரத்தியிருப்பார். ஐந்நூறு அடுப்பு எரிகிறதே, அது சமாதானம் இல்லையா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அக்கா, இன்றைக்கு உங்கள் தோட்டத்தில் எந்தப் பெண் மேலாவது கை விழுகிறதா?

இன்னொன்று. சிங்கப்பூரில் கீழ்த்திசைச் சமாதானக் கழகம் என்று ஒன்று இருக்கிறது. வருஷத்துக்கு ஒருவருக்குப் பொற்பதக்கம் கொடுப்பார்கள். கவர்னரே வந்து சூட்டுவார். இந்த வருஷம் ஐயா பெயர் அடிபடுகிறது. ஏப்ரல் 24-ஆம் தேதி நடுவர்கள் இங்கே வருகிறார்கள். தோட்டத்து ஜனங்களின் சாட்சிக் கடிதம் ஒன்று வேண்டும். பெண்களிடம் கைநாட்டு வாங்கி அனுப்புங்கள். பதக்கம் வந்தால் ஐயா சொல்லுக்கு மதிப்புக் கூடும், அத்தானைத் திரும்ப அழைக்க வழி பிறக்கும். அவரே அப்படித்தான் சொன்னார்.

வாசு


ஒன்பதாங்கட்டை
10-4-1938

வாசு,

நாகப்பட்டினத்திலிருந்து அத்தான் கடிதம் வந்தது. ஜெயராஜ் அண்ணன் கப்பலிலேயே போய்விட்டார். மறுபடியும் காய்ச்சலாம். கடலில்தான் விட்டார்களாம். "நான் என்ன பேசினேன்னு என்னைப் புடிச்சாங்க, வேலாயுதம்?" என்று கடைசிவரைக்கும் கேட்டாராம்.

அவர் பெயரை நான் உனக்கு எழுதினேன். வேறு யாருக்கும் தெரியாது. நீ அதை யாரிடம் கொடுத்தாய்? கொடுக்கும்போது உனக்குத் தெரியாது என்று நீ சொல்வாய். நம்புகிறேன். எனக்கும்தான் தெரியவில்லை.

ஆனால் ஐயா பேச்சுக்கு எனக்குப் பதில் தெரிகிறது. இப்போது பெண்களை யாரும் அடிப்பதில்லை, மெய்தான். அடி வாங்கியே நானும் ஆள் ஆனேன். அந்த அடி இருந்த நாளில் என் வீட்டுக்காரரும் கூட இருந்தார். ஐந்து பேரைக் கொடுத்தேன் என்கிறாரே, அவர்கள் அவருடைய சொத்தா? தன் பிள்ளையைக் கொடுத்திருந்தால் பதக்கம் வாங்கட்டும், நானே கை தட்டுகிறேன்.

முந்தாநாள், குழந்தைகளை விட்டுவைக்கிற பிள்ளைக்கொட்டகைக்குப் பெண்களை அழைத்துப் பெயர் எழுதினது நான்தான் என்று சொன்னேன். காத்தமுத்து பெண்சாதி பூமணி என் முகத்தில் துப்பினாள். துப்பிவிட்டு, மையைத் தா என்று முதல் கைநாட்டு வைத்தாள். நாற்பத்தாறு பேர் வைத்திருக்கிறார்கள். கிராணி போனதையும் எழுதியிருக்கிறேன், வாக்குக் கொடுத்ததையும் எழுதியிருக்கிறேன், பெயர் போன வழியையும் எழுதியிருக்கிறேன். கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை.

அதை இத்துடன் வைத்திருக்கிறேன். நேரே சிங்கப்பூருக்கு அனுப்பியிருக்கலாம். உன் கையில் கொடுக்கவே ஆசைப்பட்டேன். நீயே எழுந்து நின்று அவர்கள் முன்னால் படி. உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

அக்கா


பிரிக்பீல்ட்ஸ்
2-5-1938

அக்கா,

பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். பதக்கம் ஐயாவுக்குத்தான்.

சாட்சிக் கடிதம் அன்றைக்கு என் சட்டைப்பையில் இருந்தது. படித்துவிடுவது என்றுதான் போனேன். ஐயா என் தோளில் கை போட்டு, "இவன் இல்லாமல் ஒன்பதாங்கட்டைச் சமாதானம் இல்லை" என்று நடுவர்களுக்கு அறிமுகம் செய்தார். எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு நடுவர் என்னிடமே, தோட்டத்து ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். எல்லாருக்கும் பூரண சந்தோஷம் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. உங்கள் கடிதத்தை ஐயாவிடம் அப்படியே கொடுத்தவன் நான் என்று அந்தச் சபையில் தெரிந்துவிடுமே என்ற பயம்தான் போலிருக்கிறது. கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கிழிக்கவும் கை வரவில்லை.

இங்கே வந்துவிடுங்கள் அக்கா. ஒரு அறை காலியாக இருக்கிறது. வந்து நாலு அடி வேண்டுமானாலும் அடியுங்கள்.

வாசு


ஒன்பதாங்கட்டை
29-5-1938

வாசு,

நாளைக்குக் கப்பல் ஏறுகிறேன். அத்தானுக்கு நடந்ததையெல்லாம் மறைக்காமல் எழுதியிருந்தேன். பதில் வருமோ வராதோ என்று ஒரு மாதம் செத்துப் பிழைத்தேன். வந்தது. "நீ வா. அவன் பேரை மட்டும் என் வீட்டில் எடுக்காதே" என்று எழுதியிருக்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன். அவர் சொன்னதற்காக மட்டும் இல்லை. நாற்பத்தாறு பெண்கள் என்னை மன்னிக்காமலே கைநாட்டு வைத்தார்கள். அதை நீ பையிலேயே வைத்துக்கொண்டு சந்தோஷம் என்று சொன்னாய்.

உனக்குத் தெரியாமல் நடந்ததற்கு நான் உன்னோடு சேர்ந்து அழுதிருப்பேன். தெரிந்து சொன்னதற்கு என்ன செய்வது?

பூமணி ஐந்து பேர் குடும்பத்தையும் பார்த்துக்கொள்கிறாள். அவளிடம் நீ ஒன்றும் பேசப் போகாதே. மழைக்காலத்தில் உனக்கு நெஞ்சில் சளி கட்டும். கற்பூரவள்ளியை வாட்டிப் பிழிந்து குடி. கல்யாணம் செய்துகொள், பெண்ணிடம் பொய் சொல்லாதே.

உன்னை வெறுத்துப் பார்த்தேன். வரவில்லை. அம்மா செத்தபோது உனக்கு ஒன்றரை வயது. எனக்குப் பிள்ளை பிறக்கவில்லையே என்று யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே போவேன், உன்னை நினைத்துக்கொண்டு. இனிமேல் கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நாகப்பட்டினத்துக்குக் கடிதம் போடாதே. வந்தால் நான் பிரித்துப் படித்துவிடுவேன்.

தனலெட்சுமி