தம்பி போன பாஸ்போர்ட்

ஞாயிறு, ஹோம்புஷ்.

டெக்சாசில இருக்கிற தம்பி காலமை வீடியோவில வந்தான். களவாய் அமெரிக்காவுக்குள்ள வந்த எல்லாரையும் பிடிச்சு அனுப்பவேணுமாம். பக்கத்து வீட்டு மெக்சிகோக்காரனைத் தானே போன் எடுத்துக் காட்டிக்குடுத்தவனாம். சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னான்.

"மூண்டு பிள்ளையளெல்லே அவனுக்கு?" எண்டு கேட்டன்.

"சட்டமெண்டால் சட்டம்தான், அக்கா."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "நீ ஆரின்ரை பேரில இருந்த பாஸ்போர்ட்டில அங்க போய் இறங்கினனீ?" எண்டன். பக்கத்தில அவன்ரை பத்து வயது மகள் இருக்கிறாள் எண்டு தெரிஞ்சுதான் கேட்டன்.

அவள் தேப்பனைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, அப்ப உங்களையும் பிடிப்பினமோ?"

போனை வெட்டிப்போட்டான்.

பின்னேரம் மெசேஜ் வந்தது. "அக்கா, பிள்ளை பள்ளிக்கூடத்தில சொல்லிப்போடுவாள் போலக் கிடக்கு. பகிடிக்குச் சொன்னதெண்டு அவளோட ஒருக்காக் கதையுங்கோ."

வாசிச்சிட்டன். பதில் போடேல்லை. அவனும் ஒரு இரவு கதவு தட்டுற சத்தத்துக்குக் காது குடுத்துக்கொண்டு கிடக்கட்டும்.